ஐந்தரைக் கட்டை

இசையில் எம்.ஏ. முடித்த குழலிக்கு, கட்டடங்களின் இரைச்சலுக்குச் சுருதி சேர்ப்பதுதான் முதல் வேலை. கோயம்புத்தூர் அடுக்ககம் ஒன்றில் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் இரைச்சலையும் ஒரே சுருதியில் சேர்த்துவிட்டு வந்தாள். கட்டடமே தம்பூராவைப் போல ரீங்கரித்தது.

மறுநாள் காலையில் அடுக்ககச் செயலாளர் பழனியப்பன் போனில் கத்தினார். “என்னங்க அம்மிணி பண்ணி வெச்சிருக்கறீங்க? குளிக்கறப்ப ஒரு ஆம்பளையாலயும் பாட முடியலீங்க. தொண்டை கிழியுது!”

குழலிக்குத் தவறு புரிந்தது. பழக்கதோஷத்தில் தன் குரலுக்கான ஐந்தரைக் கட்டையிலேயே சுருதியை வைத்துவிட்டாள். ஆண்களுக்கு அது எட்டாது. வேலை போய்விடுமோ என்று விழுந்தடித்து ஓடினாள்.

மோட்டார் அறையில் சுருதியைக் குறைக்கக் கை வைத்தபோது, மேலே ஏதோவொரு சமையலறையிலிருந்து பாட்டு கேட்டது. அடுத்த வீட்டுக் குரலும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் மாடிக்கு மாடி பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பின்னாலேயே வந்த பழனியப்பன் அண்ணாந்து நின்றார்.

“மொதல்ல பாடுனது எங்க வீட்டுக்காரிங்க. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ பாடி நான் கேட்டதே இல்லீங்க.”

குழலி கையை எடுத்தாள்.

“அப்படியே இருக்கட்டுமுங்க. பக்கத்து பிளாக்குக்கும் இதையே வெச்சுருங்க” என்றார் பழனியப்பன். “நாங்க வாயை மூடிட்டுக் குளிச்சுக்கறோம்.”