பந்தி மரியாதை

கல்யாணப் பந்திகளில் பரிமாறியே நரைத்துப்போன ஆவுடையப்பனைக் கண்ணாடி அறைக்குள் தனியே படுக்கவைத்திருந்தார்கள். இரத்தப் புற்று. "வெள்ளணு பெருகும்போது 'போதும்'னு தடுக்க, உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு பொடிசா ஒண்ணு உண்டு. உங்களுக்கு அது வாயடைச்சுப் போச்சு" என்றார் டாக்டர்.

அவருக்குப் புரிந்துவிட்டது. சாப்பிடுகிறவர் இலைக்கு மேல் கையை நீட்டி மறிக்கும்வரை சோற்றைத் தள்ளிக்கொண்டேதான் இருக்க வேண்டும். பந்தி மரியாதை அது. உள்ளே எவனோ அந்த மரியாதை குறையாமல் பரிமாறிக்கொண்டிருக்கிறான். இலை நிறைந்து தரையெல்லாம் வழிகிறது.

"போதும்யா" என்று ஆவுடையப்பன் வலக்கையைத் தூக்கப் பார்த்தார்.

"கையை அசைக்காதீங்க அண்ணாச்சி, சலைன் ஊசி கழண்டிரும்" என்ற நர்ஸ், அந்தக் கையை அடியில் வைத்திருந்த அட்டையோடு சேர்த்து இன்னொரு சுற்றுக் கட்டினாள்.