ஒற்றைப் பந்து

"அந்த ஒரு பந்து நான் போட்டதுதான், ஹெஸ்கத். சத்தியமா!" என்று காதோரம் கிசுகிசுத்தார் வங்கிக்கார லம்லி.

ஹெஸ்கத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விட்டன் நிலவியல் சங்கத்தில் வாக்குச் சீட்டுக்குப் பதில் பந்துதான்; உறுப்பினர் தேர்தலில் அவருக்கு விழுந்தது ஒரே ஒரு 'ஆமாம்'. மற்றதெல்லாம் 'இல்லை'. ஒருமுறை தோற்றவர் மறுபடி நிற்க முடியாது. உறுப்பினர் அல்லாதவர் கண்டுபிடிப்பைச் சங்கம் அச்சேற்றாது.

மடியில் கைக்குட்டையில் சுற்றிய கல். அதற்குள் எந்த மியூசியத்திலும் இல்லாத ஒரு மீனின் புதைபடிவம். மருந்துக்கடைக்காரரான அவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல் குன்றைக் கொத்திக் கண்டெடுத்தது.

அடுத்துப் பாதிரியார் வந்தார். "சர்ச்சுக்கு வராத கோபம் எனக்கு உண்டுதான். ஆனாலும் உங்களுக்கு விழுந்த அந்த ஒண்ணு, நான் போட்டது."

"லம்லியும் இதையேதான் சொன்னாரு!"

"அவரா? சும்மா அளக்கறாரு."

மூன்றாவதாக பீர் ஆலை முதலாளி முதுகில் ஓங்கித் தட்டினார். "கவலைப்படாதய்யா, நான் ஒருத்தன் உன் பக்கம்தான் போட்டேன்!" அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எல்லோருக்கும் அதே பல்லவி.

வாக்குப் பெட்டியின் துணிக்குழாய்க்குள் கையை விட்டு, பந்தை வலப்பக்க இழுப்பறையில் போட்டால் ஆமாம், இடப்பக்க இழுப்பறையில் போட்டால் இல்லை. கை போன திசை அடுத்தவருக்குத் தெரியாது. அந்தத் துணிச்சல்தானே இவர்களுக்கு! சங்கத்தைப் பெருக்கித் துடைக்கும் மார்த்தா அன்று காலைதான் இழுப்பறைகளைக்கூட விடாமல் மெழுகு தேய்த்து அந்தப் பெட்டியைப் பளபளக்க வைத்திருந்தாள்.

ஹெஸ்கத்துக்கு அழுகை போய் அருவருப்பு வந்தது. ஒரு பந்துக்கு இத்தனை அப்பனா?

இன்னொரு உறுப்பினரான பிரிம்லி மட்டும் தொப்பியை எடுத்துக்கொண்டு பேசாமல் வாசலுக்கு நடந்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே, பிரிம்லி?"

"சொல்ல என்ன இருக்கு?" முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அப்பாடா! இந்தக் கூட்டத்துல யோக்கியன்னு நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே!" ஹெஸ்கத் எழுந்து அந்தக் கல்லை அவர் கையில் திணித்தார். "நீங்களும் அதே குன்றைத்தான் வருஷக்கணக்கா கொத்தினீங்க. இதோட அருமை உங்களுக்குத் தெரியும். உங்க பேர்லயே அச்சுல வரட்டும். கொடுத்துட்டேன், இத்தனை பேரும் சாட்சி!"

"ஐயோ, வேண்டாமே," என்றது பிரிம்லியின் வாய். கை வாங்கிக்கொண்டது. அடுத்த நிமிஷமே வெளியே அவருடைய குதிரை வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

உள்ளறையிலிருந்து செயலாளர் கார்பெட் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஹெஸ்கத்! பெரிய கூத்து நடந்துபோச்சு! மார்த்தா இழுப்பறை ரெண்டையும் இடம் மாத்திச் செருகிட்டா. ஆமாம்னு போட்டதெல்லாம் இல்லையில விழுந்திருக்கு, இல்லைன்னு போட்டது ஆமாம்ல விழுந்திருக்கு. நீங்க ஜெயிச்சுட்டீங்கய்யா!"

கூடம் ஆரவாரித்தது. லம்லியும் பாதிரியாரும் ஒருவரையொருவர் பார்த்து அசடு வழிந்தார்கள்.

ஹெஸ்கத் வாசலுக்கு ஓடினார். தெருவில் பனிமூட்டத்தைத் தவிர எதுவும் இல்லை. சபையறியக் கொடுத்ததை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றும் அறியாத கார்பெட் பின்னாலேயே வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டார்.

"எதிர்த்துப் போட்டது ஒரே ஒருத்தர்தான்யா, விடுங்க!"