கழுகு இறக்கைக்குக் கீழே ஒரு குழி

“இது போலி அம்மா. சுத்தமான போலி!”

சதுக்கமே திரும்பிப் பார்க்கிற மாதிரிதான் சொன்னேன். குவானஹுவாத்தோ நகரத்து மேட்டிலும் பள்ளத்திலும் பஸ் ஓட்டிய குரல், மெதுவாக வராது.

எதிரே நின்ற ரமிராவின் முகம் வாடிப்போனது. வருகிற சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்ணின் கையில் கொட்டுகிற பதின்மூன்று காசில் ஒன்றாக இதையும் சேர்க்க ஆசை. மெக்சிகோவுக்குச் சுதந்திரம் வந்த புதிதில் அடித்த வெள்ளிக் காசு என்று நம்பியிருந்தாள். தேய்ந்த வருஷத்தைப் படித்துச் சொல்லத்தான் பழங்காசு சேர்க்கிற நண்பர்கள் நாங்கள் சதுக்கத்தில் போடுகிற ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வந்தாள். அசலா போலியா என்று அவள் கேட்கவே இல்லை.

“என் மாமியார் கொடுத்ததுங்க...”

“அவங்களையும் எவனோ ஏமாத்தியிருக்கான். தட்டினா மணியா பாடணும், இது தகரமா இருமுது. விளிம்புல பாருங்க, தைச்ச மாதிரி ஒரு கோடு. வெளிநாட்டுல அச்சுல ஊத்தி மூட்டை மூட்டையா அனுப்புறானுங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் திபுர்சியோ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். “விடுடா எவாரிஸ்தோ. காபி ஆறுது பாரு.”

நான் விடுகிற ஆளா? பூதக்கண்ணாடியை அவள் கையில் திணித்தேன்.

“காசுல இருக்கிற கழுகு இறக்கைக்குக் கீழே குழி தெரியுதா? போலி அச்சுல ஒரு மேடு இருந்தா, அதுல பிறந்த அத்தனைக்கும் அதே இடத்துல அதே குழி. அசல் எப்படி இருக்கும்னு காட்டறேன், இருங்க.”

அதே வகையில் நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த என் காசைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தேன்.

“அது எதுக்குடா? வேர்வை பட்டுரும், உள்ளே வை!” மேசையில் இருந்த இன்னொரு நண்பன் நிக்கானோர் பாய்ந்தான். அதற்குள் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

இறக்கைக்குக் கீழே குழி. அதே இடம். இரட்டைப் பிள்ளைகள்!

என் காசை நான் கண்ணாடி வைத்துப் பார்த்ததே இல்லை. பெத்த பிள்ளையை எவனாவது சோதிப்பானா?

ரமிரா இரண்டையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் காது சுட்டது.

“ஐயா சொன்னது சரிதாங்க,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. “பக்கத்துல வெச்சாத்தானே தெரியுது. உங்களோடது என்னமா மின்னுது!”

தன் காசைச் சால்வை முனையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

நான் மெல்லத் திரும்பினேன். “உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமாடா?”

“நீ வாங்கிட்டு வந்த அன்னிக்கே.” திபுர்சியோ காபியைக் கலக்கினான்.

“அப்புறம் ஏண்டா ஒருத்தனும் சொல்லலை?”

“அதைக் காட்டினப்போ உன் மூஞ்சி கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்துச்சு. எப்படிடா சொல்றது?”