ஒரு டசன் அளகவல்லி

“தோள் வரைக்கும் புரளுதம்மா, சுருட்டை முடி! காலம்பற சீப்ப வச்சா சீப்பு ஒடியுது. எல்லாம் இந்த அளகவல்லி எண்ணெய்க்க மகிமை.”

மூங்கில் தட்டிக்கு வெளியே நின்று இப்படி முழங்கிக்கொண்டிருந்தவர் நேசையன், அளகவல்லி கம்பெனியின் வீட்டுக்கு வீடு ஏஜெண்டு. தட்டிக்கு உள்ளே பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. சரக்கு பிடித்துப்போய்விட்டது என்று அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

1932ஆம் வருடத்து மாசி வெயில். தேங்காப்பட்டணத்தின் அந்தத் தெருவில் எதிர்ப்பட்ட ஆண்கள் எல்லாரும் தலையை மழுங்க மழித்துத் தொப்பி வைத்திருந்தார்கள். அவர்களிடம் போய்க் கூந்தல் எண்ணெய் விற்க நேசையனுக்கு என்ன பைத்தியமா? பெண்களோ அந்நிய ஆணின் முன்னால் வர மாட்டார்கள். தட்டிக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார்கள். அந்த வழக்கத்தை நேசையன் கையெடுத்துக் கும்பிட்டார்.

காரணம் இருக்கிறது. நேசையன் தலையில் ஒற்றை முடி கிடையாது.

கம்பெனி முதலாளி கிருஷ்ணமணி ஒன்பது வருடத்துக்கு முன்பு வடசேரியில் ஒற்றை உருளியில் எண்ணெய் காய்ச்சித் தொழிலைத் தொடங்கியவர். இப்போது ஸ்நோ, பவுடர் எல்லாம் உண்டு, நாற்பது ஏஜெண்டுகள். கடைகளுக்கு மட்டும் ஒரு பாட்டில் கொடுக்க மாட்டார். “கடைக்காரன் தேய்ச்சுப் பாத்தா விக்கான்? நம்ம ஆளு தினமும் தேய்ச்சுட்டுத்தான் விக்கணும்” என்பது அவருடைய சட்டம்.

நேசையன் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. வேலைக்குச் சேரும்போது காதோரம் கொஞ்சம் இருந்தது. மூன்று வருடம் விடாமல் தேய்த்ததில் அதுவும் விடைபெற்றுக்கொண்டது. அன்று கட்டிய தலைப்பாகைதான்.

தலைப்பாகைக்குள் ஒளிந்துகொண்டு கூந்தல் எண்ணெய் விற்றால் யார் விடுவார்கள்? “அவுத்துக் காட்டும், பாப்போம்” என்பார்கள். போன வாரம் குளச்சலில் ஒரு கிழவர் அவிழ்த்த தலையைப் பார்த்துவிட்டு, “எனக்கு உள்ளது போதும்வே” என்று தன் நாலு முடியையும் பொத்திக்கொண்டு ஓடியே போனார்.

இந்த மாதம் ஒரு பாட்டில்கூடப் போகவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் ஒரு டசன் விற்காவிட்டால் கம்பெனிப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். பை போனால் மாமனாரின் கருவாட்டுக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அதற்குப் பேசாமல் கருவாடாகவே போய்விடலாம்.

இங்கே அந்தப் பயம் இல்லை. தட்டி நெருக்கமாகப் பின்னியது. எவ்வளவு உற்றுப் பார்த்தும் உள்ளே ஒரு வளையல்கூட அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில்தான் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேர்த்த மண்டையைத் துண்டால் துடைத்தபடியே சுருட்டை முடியை வர்ணித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஒரு சங்கதி கேக்கட்டா?” என்றது உள்ளிருந்து மூத்த குரல். அது வீட்டுக்காரம்மா சுலைகா பீவி. “நீங்க இந்த எண்ணெயத்தான் தேய்க்கியளா?”

“பின்னே? மூணு வருசமா!”

“வேற எண்ணெய் ஒண்ணும் சேக்கலியே?”

“தொட்டுக்கூடப் பாத்ததில்லம்மா.”

“ஆணையிட்டுச் சொல்லுவியளா?”

நேசையனுக்கு மனசு குளிர்ந்துபோனது. இவ்வளவு நேரமாக அவர் வாயிலிருந்து வந்ததில் உண்மை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். “வேதப்புத்தகத்து மேல ஆணை!” என்றார் கம்பீரமாக.

உள்ளே குசுகுசுவென்று கூடிப் பேசினார்கள். மறுபடியும் ஒரு சிரிப்பு. பிறகு தட்டிக்கு அடியில் ஒரு தாம்பாளம் பணத்தோடு வெளியே வந்தது.

“ஒரு டசன் வைங்க அண்ணாச்சி.”

ஒரு டசன்! பணத்தை எடுத்துக்கொண்டு தாம்பாளத்தில் பாட்டில்களை அடுக்கினார். மாமனாருக்கும் கருவாட்டுக்கும் மனசுக்குள் பெரிய கும்பிடாகப் போட்டார். பேசாமல் போயிருக்கலாம், வாய் கேட்டால்தானே!

“ஒரு மாசம் தேய்ச்சுப் பாருங்கம்மா. எனக்க முடி மாதிரியே வரும்!” என்று சொல்லிக்கொண்டே தலைப்பாகையை எடுத்தார்.

“தலைப்பாவக் கெட்டாதிய அண்ணாச்சி, பிள்ளைய எல்லாரும் இன்னொருக்கா பாக்கட்டும்.”

நேசையன் தலைப்பாகையால் மண்டையைப் பொத்திக்கொண்டார். “அம்மா... உள்ள நின்னா வெளிய தெரியுமா?”

“வெளிய தெரியாத தட்டிய யாராவது கெட்டுவாவளா? வெயில்ல நிக்க உங்களுக்குத்தான் உள்ள இருட்டு. எங்களுக்கு உங்க தலை பளபளன்னு தெரியுது.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. சீப்பு ஒடிந்த கதையை எந்த முகத்தோடு சொன்னோம் என்று தன் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பணத்தைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்துவிட்டுப் பாட்டில்களை எடுக்கக் குனிந்தார்.

“பொறுத்துக்கிடணும்மா. சுருட்டை முடி, சீப்பு எல்லாம் கள்ளம். பணம் இந்தா இருக்கு.”

“முடிக் கதை கள்ளம்னு எங்களுக்குத் தெரியாதா? மூணு வருசம் இந்த எண்ணெயத் தேய்ச்சது நெசந்தான?”

“அது மட்டும் நெசம்மா.”

பணத்தை மட்டும் அவர் பக்கம் தள்ளிவிட்டு, பாட்டில்களோடு தாம்பாளம் சட்டென்று உள்ளே போய்விட்டது.

“அது போதும் அண்ணாச்சி. எங்க வீட்டு ஆம்பிளைய எட்டு பேருக்கு வெள்ளிக்கிழமை தோறும் தலை மழிச்சு மாளல்ல!”