அடுத்த வீட்டு வெயில்

கட்டடக்கலை படிக்கும் மகள் சப்ரீன் லீவுக்கு ராஜபாளையம் வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. முத்து முகம்மதுவுக்கு மனசு கேட்கவில்லை.

"படிப்பு கஷ்டமா இருக்காம்மா?"

"ஒரு பாடந்தான் அத்தா உறுத்துது. அண்டை வீட்டாருக்குச் செய்ய வேண்டியத மார்க்கம் சொல்லுதுல்ல? அதுக்குத் தக்கன வீடு வரையணும்."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். கதவு, ஜன்னல், நிறம் எதுவுமில்லாத இரண்டு வெள்ளைப் பெட்டிகள். உயரமானது ஒரு வீடு. பக்கத்தில் முற்றம் வைத்த குட்டி வீடு. பட்டனைத் தட்டினாள். திரையில் சூரியன் உதித்து மறைந்தது. உயரமான வீட்டின் நிழல், குட்டி வீட்டு முற்றத்தைவிட்டுக் கடைசிவரை விலகவேயில்லை.

முத்து முகம்மதுவுக்குச் சுருக்கென்றது.

"எந்தப் படுபாவி கட்டுனது இது? அடுத்த வீட்டு வெயில மறிச்சுப்புட்டு, அஞ்சு வேளை தொழுது என்ன புண்ணியம்?"

சப்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசலில் பக்கத்து வீட்டுப் பாண்டிசெல்வியின் குரல் கேட்டது.

"பாய், நாளைக்கு உங்க வீட்டுல மூணாவது மாடி எழுப்ப ஆரம்பிக்கீயளாமே? இனிமே எங்க முத்தத்துல வெயிலு விழாதுல்ல, அதான் கடைசியா ஒருதடவ அப்பளம் காயப்போட்டேன். இந்தாங்க, உங்களுக்கும் ஒரு கட்டு கொண்டாந்திருக்கேன்."