அழித்த வரி

"அக்கா, அழிச்சுட்டேன்னு சொன்னியே, அது அழியவே இல்ல! யாரு வேணா பாக்கலாம்."

தங்கை போனில் கத்தியது கண்ணாடிக் கடையின் பின்னறை முழுக்கக் கேட்டது. கேட்டுக்கொண்டிருந்தவள் குட்டி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

பகலில் மூக்குக்கண்ணாடிகளைப் பழுது பார்ப்பாள். வீடு திரும்பியதும் 'வாயாடி' என்ற பெயரில் எழுதுவாள். வாயைத் திறந்தாலே அடி விழுகிற வீட்டிலிருந்து தப்பி வந்தவளுக்கு அந்தப் பெயரில் ஒரு தனி சந்தோஷம்.

அவளுடைய பழைய வலைப்பூவை, பாஸ்வேர்டைப் பிடுங்கி, புருஷன் மொத்தமாக அழித்திருந்தான். அதனால்தான் இந்த முறை, ஏற்றியதை வேறு யாரும் அழிக்க முடியாதபடி பிளாக்செயினில் ஓடும் தளமாகப் பார்த்துச் சேர்ந்தாள். இனி எவன் அழிக்கிறான் பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

வாயாடி யாரென்று அவன் மோப்பம் பிடித்ததும் தெரியும். கையில் கிடைத்தால் உயிரோடு விடமாட்டேன் என்று சொல்லியனுப்பியதும் தெரியும். படித்து வயிறெரியட்டும் என்று விட்டுவிட்டாள். எந்த ஊர் என்று தெரிந்தால்தானே வருவான்!

போன வாரம் கை சும்மா இருக்கவில்லை. கடைக்கு எதிரே இருக்கும் மணிக்கூண்டின் நாலு முகமும் நாலு நேரம் காட்டுவதை ஒரே வரியில் கிண்டலடித்துவிட்டாள். மறுநாள் திக்கென்றது, அதை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிடலாமே. அந்த வரியை மட்டும் எடுத்த பிறகுதான் தூக்கம் வந்தது.

அந்தத் தளத்தில் எடுத்தாலும் பழையது போகாதாம். 'திருத்தப்பட்டது' என்ற இடத்தைத் தொட்டால் போதுமாம், எடுத்த வரி சிவப்பில் வந்து நிற்குமாம். தங்கை இப்போதுதான் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

இத்தனை பதிவுகளில் அவள் திருத்தியது அது ஒன்றைத்தான். சும்மா விட்டிருந்தால் அவன் சிரிக்காமல் தாண்டிப் போயிருப்பான். இதை மட்டும் ஏன் எடுத்தாள் என்று அவனை யோசிக்க வைத்ததே அவள்தான்.

அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சாயங்காலமே கிளம்பி வந்துவிடுகிறேன் என்று தங்கையிடம் சொன்னாள்.

கவுன்ட்டரில் நிற்கும் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மேஜைமேல் ஒரு தட்டை வைத்தாள்.

"அக்கா, இது காதுப் பக்கம் லொடலொடங்குதாம். அவசரமில்ல, பொறுமையா பாக்கச் சொல்லுங்கன்னாரு. வெளியதான் உக்காந்திருக்காரு."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

தட்டிலிருந்த கண்ணாடியைக் கை பழக்கத்தில் எடுத்துப் பிரித்தது.

வெள்ளி நிற ஃபிரேம். இடது காதுக்கம்பி மடங்கும் இடத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு பித்தளை ஸ்க்ரூ.

அளவுக்கு வேறு ஸ்க்ரூ கிடைக்காமல், தப்பி வந்த அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அவள்தான் அதை முடுக்கியிருந்தாள்.

போனில் தங்கை பஸ் நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.