தேய்ந்த ரேகை

“புருசன் பேரு இன்னா, சொல்லு.”

“ஆரோக்கியசாமின்னு எத்தினி வாட்டிப்பா...”

“பக்கத்து ஊட்டுக்காரன் பேரைச் சொல்ற மாதிரி கீது.”

“செத்துப்போன புருசன் பேரைக் கொஞ்சிக்கினா சொல்லுவாங்க?”

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர் டீக்கடையில் ரூபஸும் அஞ்சலையும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்துகொண்டிருந்தார்கள்.

பதிவாகப்போவது, திருமுல்லைவாயில் ஸ்டேஷன் அருகே ஓர் இரண்டு மாடி அலுவலகக் கட்டடம். உரிமையாளர் செலின், ஓய்வுபெற்ற ஆசிரியை. மகளோடு மெல்போர்னில் இருப்பதாகக் கேள்வி. அவர் கணவர் ஆரோக்கியசாமி இருந்த காலத்தில் கீழ்த்தளத்துக்கு வாடகைக்கு வந்தவன் ரூபஸ். நான்கு வருடமாகக் காலி செய்ய மறுக்கிறான். செலினை அவன் பார்த்ததே இல்லை. அவருடைய வக்கீல் நோட்டீஸ்தான் வரும். வாங்க வந்தவர்களையெல்லாம் மிரட்டி விரட்டியவனுக்கு, நாமே விற்றால் என்ன என்று ஒருநாள் தோன்றிவிட்டது.

ஆள் கிடைத்தார். ஸ்ரீகாந்த், ஐ.டி. வேலை. தேனியில் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்று, மாத வருமானத்துக்காக இதில் போடுகிறார். டிமாண்ட் டிராஃப்டை மாற்ற, செலின் பேரில் ஒரு வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று.

மீதி இருந்தது, பதிவின்போது ஆதாரோடு ஒத்துப்பார்க்கும் விரல் ரேகை மெஷின். போலி ஆதாரில் யார் படத்தையும் ஒட்டலாம், ரேகையை ஒட்ட முடியாது. ஆகவே ரேகையே இல்லாத கிழவியாகத் தேடினான் ரூபஸ். பாத்திரம் தேய்த்தே விரல் வழுக்கையானவள். மெஷின் எடுக்காவிட்டால் வயதைக் காட்டிக் கெஞ்சிக் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டால் புழல் ஜெயில்தான்.

சேதி கேள்விப்பட்டு வேப்பம்பட்டிலிருந்து அஞ்சலை தானாகவே வந்தாள். அவள் விரல்களை அவன் தடவிப் பார்த்தான். வழவழவென்றிருந்தன.

“எத்தினி வருசமா பாத்திரம் தேய்க்கிற?” என்று கேட்டான்.

“கண்ணாலம் கட்டின நாள்லேர்ந்து.”

அந்த நிமிடமே அவளை அமர்த்திவிட்டான்.

டீக்கடையிலிருந்து எழுந்தபோது கடைசிப் பாடம் நடந்தது.

“உள்ளாற போயி இன்னா கின்னான்னு பேசாத. டீச்சரம்மா மாதிரி பேசு.”

“டீச்சரம்மா எப்டிப் பேசும்?”

“அதட்டும்.”

“அதட்டிட்டாப் போச்சு.”

உள்ளே, இவர்தான் செலின், பல வருடப் பழக்கம் என்று ரூபஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். ஸ்ரீகாந்த் கேட்டுக்கொண்டதால், ஒரு வாரத்தில் கீழ்த்தளத்தைக் காலி செய்வதாகவும் எழுதிக் கொடுத்தான். ஓடப்போகிறவனுக்கு அதில் என்ன கஷ்டம்?

அஞ்சலை மெஷினில் விரலை வைத்தாள். ரூபஸ் கெஞ்சுவதற்கு முகத்தைத் தயார் செய்துகொண்டான்.

முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்தது.

“சரியா இருக்கு. செலின், கணவர் ஆரோக்கியசாமி,” என்று திரையைப் பார்த்துப் படித்தார் அலுவலர்.

அவள் டிராஃப்டை வாங்கிக் கைப்பையில் வைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரூபஸ் எழுதிக் கொடுத்த தாளை ஒரு வரி விடாமல் படித்து முடித்து, நிமிர்ந்தாள்.

“நாலு வருஷமா வக்கீல் வெச்சும் இப்படி ஒரு கடிதம் உங்ககிட்டேயிருந்து வாங்க முடியலையே, ரூபஸ். சாமான் ஏத்தறதுக்கு லாரி நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்லிக்கிறீங்களா?”